கேட்க வேண்டிய கேள்வியும் கேட்கக் கூடாத கேள்வியும்

சென்ற ஆண்டு நம் பள்ளி இலக்கிய மன்றத்தில் மேல்நிலை வகுப்பு மாணவியர் ஒரு சிறு நாடகம் நடித்தனர். தொலைக்காட்சியில் வரும் ரியாலிட்டி ஷோவைப் போன்ற அமைப்பு. மேடை நடுவே மூன்று நாற்காலிகள். அவற்றில் மூன்று அதிகாரிகள். வேலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து நிற்க வேண்டும். ஒருவருக்கு வேலை, மற்றவர்கள் மேடையை விட்டு வெளியேற வேண்டும்.

அதிகாரி வேடம் பூண்டவள் தன் தந்தையின் சட்டையை அணிந்து, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிக்கொண்டு, முதலில் வந்த பெண்ணைக் கேட்டாள்: “ஏம்மா, கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“ஆனப்புறம் வேலைய விட்டுட்டுப் போயிடுவியே, அப்புறம் நான் யாரத் தேடறது?”

அரங்கம் சிரித்தது. அடுத்து வந்தவள் ஆண் வேடமிட்டிருந்தாள். அவளிடம் அதே அதிகாரி கேட்ட கேள்வி: “எந்த மிஷின்லப்பா அனுபவம்?”

அந்த இரண்டு கேள்விகளையும் அவர்களுக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒத்திகையிலே தாமாகவே வந்தவை. ஆணிடம் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும், பெண்ணிடம் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது பதினேழு வயதுப் பெண்களுக்கும் பாடமாகியிருக்கிறது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் உறுத்தியது. அந்த உறுத்தலே இக்கட்டுரை.

தொலைக்காட்சியில் கேட்ட கேள்வி

வேலைக்கான நேர்முகத் தேர்வையே ஒரு பொழுதுபோக்காக மாற்றிய நிகழ்ச்சி ‘தி அப்ரென்டிஸ்’. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தொடங்கியது. டொனால்டு டிரம்ப் அதை நடத்தினார். அடுத்த ஆண்டே இங்கிலாந்திலும் பி.பி.சி. வழியாக வந்தது. அங்கே தொழிலதிபர் ஆலன் சுகர் நடுவராக அமர்ந்தார். வெற்றி பெற்றவருக்கு அவருடைய நிறுவனத்திலேயே ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுன் சம்பளத்தில் வேலை. ஆகவே அது வெறும் விளையாட்டன்று. உண்மையான வேலைக்கு உண்மையான தேர்வு. அதை லட்சக்கணக்கான வீடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

2007-ஆம் ஆண்டுத் தொடரில், இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறும் நிலையில் இருந்த ஒரு பெண் சிறு குழந்தைகளின் தாய். வேலைக்காக ஊர் மாறி வந்தால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சு அங்கே எழுந்தது. குடும்பச் சூழ்நிலையைக் காரணம் காட்டி அவர் போட்டியிலிருந்து விலகினார். ஒரு தாயிடம் இப்படிக் கேட்பது முறையா என்று அந்நாட்டில் பெரும் விவாதம் நடந்தது. மறு ஆண்டு ஆலன் சுகர் ஒரு செய்தித்தாளிடம் பேசும்போது, பெண்களிடம் குழந்தை பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டம் தடுத்தால் முதலாளிகள் அவர்களை வேலைக்கே எடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற பொருளில் கருத்துச் சொன்னார்.

அந்தக் கருத்து நமக்குக் கசக்கிறது. ஆயினும் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வாயால் கேட்காத கேள்வியை மனத்தால் கேட்டு, மௌனமாகவே ஒரு பெண்ணை ஒதுக்கிவிட முடியும் அல்லவா? இதற்குப் பதில் பின்னால் வரும். அதற்கு முன், இங்கிலாந்தை விட்டு நம் வீட்டுப் பக்கம் வருவோம்.

நம் பக்கத்து வாசல்

பனமலையிலிருந்தும், விழுப்புரம், திண்டிவனம் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் எத்தனையோ பெண்கள் படிப்பு முடிந்ததும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கிறார்கள். சிலர் செய்யாறு காலணித் தொழிற்சாலைகளுக்கு. சிலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். ஏரி வற்றி, மணிலாவும் பொய்த்துப் போன ஆண்டில் அந்தப் பெண் அனுப்பும் சம்பளமே வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது. தம்பியின் கட்டணம், அக்காளின் நகைக்கடன், பாட்டியின் மருந்து என்று அந்தச் சம்பளத்துக்குப் பல கைகள் காத்திருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வி நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

ஸ்ரீபெரும்புதூர் அருகே தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஆப்பிள் ஐபோன்களை ஒருங்கிணைக்கும் தொழிற்சாலையை நடத்துகிறது. 2024 ஜூன் 25-ஆம் நாள் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அதைப் பற்றி ஒரு நீண்ட விசாரணைச் செய்தி வெளியிட்டது. திருமணமான பெண்கள் அங்கே ஒருங்கிணைப்பு வேலைக்குத் திட்டமிட்டு ஒதுக்கப்படுகிறார்கள் என்பதே அதன் சாரம்.

அச்செய்தியில் வந்த இரு சகோதரிகளின் கதை மறக்க முடியாதது. இருவரும் இருபதுகளில் இருப்பவர்கள், திருமணமானவர்கள். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 2023 மார்ச் மாதம் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார்கள். வாசலிலிருந்த காவலாளி கேட்டது ஒரே கேள்வி: திருமணம் ஆகிவிட்டதா? ஆம் என்றதும் அங்கிருந்தே திரும்ப வேண்டியதாயிற்று. அவர்களை ஏற்றி வந்த ஆட்டோக்காரரே வழியில், அங்கே கல்யாணமான பெண்களை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தாராம். இருந்தும் ஒரு முறை முயன்று பார்ப்போம் என்றுதான் சென்றார்கள்.

எண்ணிப் பாருங்கள். அவர்கள் படித்த படிப்பு என்ன, விரல்கள் எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும், கண் பார்வை எப்படி என்று எவரும் கேட்கவில்லை. தேர்வு அறைக்குள் நுழையாமலே தேர்வு முடிந்துவிட்டது.

மறு நாளே மத்திய அரசு தமிழக அரசிடம் விரிவான அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் குற்றச்சாட்டை வன்மையாக மறுத்தது. அண்மையில் எடுத்த பணியாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் திருமணமான பெண்களே என்றது. தொழிலாளர் துறை ஆய்வு செய்தபோது கிடைத்த கணக்கு இது: மொத்தப் பணியாளர் 41,281 பேர், அவர்களில் பெண்கள் 33,360 பேர், அப்பெண்களில் திருமணமானவர்கள் சுமார் 2,750 பேர். அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். அந்த ஆண்டு நவம்பரில், ஆள் சேர்க்கும் முகவர்கள் விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று நிறுவனம் கட்டளையிட்டதாகவும் செய்தி வந்தது.

இரு தரப்பையும் சொல்லிவிட்டேன். தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் அச்செய்தியில் வந்த ஒரு விவரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உற்பத்தி மும்முரமாக நடந்து ஆள் போதாத மாதங்களில் அந்தத் தடை தளர்த்தப்படுமாம். அப்படியானால், திருமணமான கைகளாலும் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பது வேலை கொடுப்போருக்கே தெரிந்திருக்கிறது!

அறுபது ஆண்டுக்கு முன் வந்த பதில்

ஏன் ஒதுக்குகிறார்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. திருமணமானவளுக்கு வீட்டுப் பொறுப்பு அதிகம். ஆகவே விடுப்பும் அதிகம். கருவுற்றால் நீண்ட நாள் வர மாட்டாள். தாலி, மெட்டி போன்ற அணிகள் நுட்பமான மின்னணு வேலைக்கு இடைஞ்சல்.

இந்தக் கணக்குக்கு நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1965-ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டது. பம்பாயில் மருந்துகளைப் பொட்டலமிடும் பிரிவு ஒன்றில், பெண் தொழிலாளி திருமணம் செய்துகொண்டால் அவள் வேலை தானாகவே முடிந்துவிடும் என்று ஒரு விதி இருந்தது. அங்கே குழுவாக அமர்ந்து வேலை செய்ய வேண்டும், ஒருத்தி வராவிட்டால் குழுவே நிற்கும், திருமணமானவர்கள்தாம் அதிகம் வராமல் போகிறார்கள் என்று நிறுவனம் வாதிட்டது. பம்பாய்த் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நீதிமன்றத்தின் பதில் எளிமையானது. திருமணமாகாதவளுக்கும் வீட்டில் தாய் தந்தையர் உண்டு. கைம்பெண்ணுக்குக் குழந்தைகள் இருக்கலாம். மணமானவள் மட்டுமே அதிகமாக விடுப்பு எடுப்பாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. மிஞ்சும் வேறுபாடு மகப்பேறு விடுப்பு ஒன்றே. அதற்கும் விடுப்பில் செல்வோருக்கு மாற்றாகச் சிலரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். இவ்வாறு கூறி அந்த விதியை நீக்கியது.

அமெரிக்காவிலும் இதே வாதம் எழுந்தது. பள்ளி வயது வராத குழந்தையுள்ள பெண்களை எடுப்பதில்லை என்று ஒரு நிறுவனம் ஃபுளோரிடாவில் ஒரு தாயைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அதே வயதுக் குழந்தையுள்ள ஆண்களை எடுத்துக்கொண்டது. 1971 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று வைக்கச் சட்டம் இடம் தராது என்றது. குழந்தைக்குத் தாய் மட்டுமா உண்டு? தந்தையும் உண்டல்லவா!

அரசு வேலையிலும் அதே கேள்வி

தனியார் தொழிற்சாலையில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அரசின் மிக உயர்ந்த நாற்காலிகளுக்கும் இதே வாசற்படி இருந்தது.

கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற அன்னா ராஜம் ஜார்ஜ், ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்வில் அதிகாரிகள் அவரைத் தடுக்கவே முயன்றனர். வெளிநாட்டுப் பணியும் பிற மத்தியப் பணிகளும் பெண்களுக்கு ஏற்றவை, அவற்றை எடுத்துக்கொள் என்றனர். அவர் வாதாடித் தாம் விரும்பியதையே பெற்றார். சென்னை மாகாணத்தையும் தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்று அவருடைய நியமன ஆணையில் எழுதியிருந்தது. அந்த விதி பின்னர் மாற்றப்பட்டது.

மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி, ஒரு பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் அமர்த்த எண்ணினார். அவரோ, குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் ஆண் அதிகாரிகளோடு சேர்ந்தே பயின்றிருக்கிறேன் என்று எடுத்துக் கூறி, ஓசூருக்குச் சப்-கலெக்டராகச் சென்றார். பெண் அதிகாரி வருகிறார் என்று கிராமத்துப் பெண்கள் திரண்டு வந்து பார்த்து, இவளும் நம்மைப் போலத்தானே இருக்கிறாள் என்று ஏமாற்றத்தோடு சொன்னதாக அவரே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அந்த ஏமாற்றத்தில் எவ்வளவு பெரிய பாடம்! நம்மைப் போன்றவள் ஒருத்தி நாற்காலியில் அமர முடியும் என்பதை அன்று அவர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

குடகு நாட்டு மகள் சி.பி. முத்தம்மாவின் கதை இன்னும் கடுமையானது. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். தாயின் உறுதியால் படித்தவர். மடிக்கேரி புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியிலும், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் கற்று, 1948-இல் தேர்வு பெற்று, 1949-இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். நேர்முகத் தேர்வுக் குழுவினர் அவரையும் மனம் மாற்றவே பார்த்தனர். திருமணமானால் விலகிவிடுகிறேன் என்று எழுதி வாங்கிய பிறகே பணி கிடைத்தது.

1961-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டுப் பணியிலுள்ள பெண் திருமணத்துக்கு அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். மணமான பெண் அப்பணியை உரிமையாகக் கோர முடியாது. ஆணுக்கு இந்த விதிகள் இல்லை. பல ஆண்டுகள் பணியாற்றித் தூதராகவும் இருந்த பின், பதவி உயர்வில் தாம் புறக்கணிக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. ஆயினும் 1979 செப்டம்பர் 17-ஆம் நாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்குத் தடை என்றால் ஆணுக்கும் அப்படித்தானே என்று வினவி, அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

பின்னும் கேள்விகள் ஓயவில்லை. 1989-இல் டெல்லியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணிடம் நிரப்பக் கொடுத்த படிவத்தில், எத்தனை முறை கருவுற்றாய், மாதவிலக்கு முறையாக வருகிறதா, கடைசியாக வந்த நாள் எது என்றெல்லாம் இடம் விட்டிருந்தது. அவர் வேலையில் சேர்ந்து, குழந்தை பெற்று, விடுப்பில் இருந்தபோது, படிவத்தில் தவறான தகவல் தந்ததாகக் கூறி வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991 அக்டோபர் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்லப் பெண்ணின் நாணமும் தன்மானமும் இடம் தராது என்று கூறி, அவரை மீண்டும் வேலையில் சேர்க்கவும் அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கவும் ஆணையிட்டது.

நீதிமன்றம் எப்போதும் நாம் விரும்பும் திசையிலேயே நடந்ததும் இல்லை. 1981-இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் முறை கருவுற்றதும் வேலை போகும் என்ற விதியைத் தள்ளிய அதே தீர்ப்பு, பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் புரியக் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2024 பிப்ரவரியில், மணம் புரிந்ததற்காக 1988-இல் நீக்கப்பட்ட இராணுவச் செவிலியர் ஒருவருக்கு அறுபது லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெண் மணம் புரிந்ததைக் காரணமாக்கும் விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்றது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த நீதி!

சட்டம் எதுவரை துணை வரும்?

நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு வேலையில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் முதலிய காரணங்களால் எவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. தனியார் துறைக்கு 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் வந்தது. சர்வதேச மகளிர் ஆண்டான 1975-இல் அவசரச் சட்டமாகப் பிறந்து மறு ஆண்டு சட்டமானது. ஊதியத்தில் மட்டுமன்றி ஆள் சேர்ப்பதிலும் பெண் என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்றது அதன் 5-ஆம் பிரிவு. அச்சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த 5-ஆம் பிரிவில் ‘திருமணம்’ என்ற சொல் தனியாக எழுதப்படவில்லை. இந்த இடைவெளியில்தான் வாசற்காவலாளியின் கேள்வி நுழைந்துகொள்கிறது.

இனி, முன்பு நிறுத்தி வைத்த கருத்துக்கு வருவோம். வாயால் கேட்கத் தடை விதித்தால் மனத்தால் கேட்டு ஒதுக்குவார்களே, என்ன செய்வது? கேள்விக்குப் பின்னால் இருப்பது பண அச்சம். அந்த அச்சத்தைப் போக்கினால்தான் கேள்வி போகும். அதற்கு வழி நம் நாட்டில் ஓரளவு இருக்கிறது. தொழிலாளர் ஈட்டுறுதி எனப்படும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அடங்கும் பெண்ணுக்கு மகப்பேறு காலமான 26 வார ஊதியத்தை முதலாளி தம் கையிலிருந்து கொடுப்பதில்லை; ஈ.எஸ்.ஐ. நிதியே கொடுக்கிறது. அந்த நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3.25 பங்கும், தொழிலாளி 0.75 பங்கும் மாதந்தோறும் செலுத்துகின்றனர். ஆணை எடுத்தாலும் பெண்ணை எடுத்தாலும் பங்கு ஒன்றே. பாரம் பொதுவில் பகிரப்பட்டிருப்பதால், கருவுற்றால் கம்பெனிக்கு நஷ்டம் என்ற பேச்சில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் பெறும் பெண்களுக்கோ அந்தச் செலவை முதலாளியே முழுதும் ஏற்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் மௌனமான ஒதுக்கல் அதிகம் நடக்க இடமுண்டு. அதையும் பொதுவில் பகிர வழி காண்பது அரசின் கடமை. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் வந்த சட்டத் திருத்தம் ஏட்டோடு நில்லாமல் தொட்டிலாக ஆட வேண்டும்.

திருச்சபையும் இதையே கூறுகிறது. பம்பாய்த் தீர்ப்பு வந்த அதே 1965-ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம், பால், இனம், நிறம், சமூக நிலை ஆகியவற்றால் வரும் எல்லா வேற்றுமையும் கடவுளின் திட்டத்துக்கு மாறானது, களையப்பட வேண்டியது என்று அறிக்கையிட்டது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், பெண் முன்னேறுவதற்காகத் தன் தாய்மையை விலையாகக் கொடுக்க நேராதபடி வேலையின் அமைப்பே மாற வேண்டும் என்றார். தாய்மைக்கேற்ப வேலை அமையட்டும் என்பதே அதன் பொருள்.

அண்ணனையும் கேட்பார்களா?

அன்பு மாணவியரே, நாளை நீங்கள் ஒரு நேர்முகத் தேர்வில் அமரும்போது, எது தக்க கேள்வி, எது தகாத கேள்வி என்று எப்படி அறிவது? ஓர் எளிய உரைகல் சொல்கிறேன். இதே கேள்வியை என் அண்ணனிடமும் கேட்பார்களா என்று மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள்.

இரவு முறை வேலைக்கு வர முடியுமா, நின்றுகொண்டே எட்டு மணி நேரம் வேலை செய்ய முடியுமா, விடுதியில் தங்குவீர்களா என்பவை எல்லாரிடமும் கேட்கப்பட்டால் அவை வேலையைப் பற்றிய கேள்விகள். உண்மையாகப் பதில் சொல்லுங்கள். கணவர் அனுமதிப்பாரா, எப்போது குழந்தை பெறுவீர்கள், மாமியார் ஒத்துக்கொள்வாரா என்பவை உங்கள் வாழ்க்கையைப் பற்றியவை. நீங்கள் ஊரா, காலனியா என்று வினவுவதும் அவ்வகையே. வேலைக்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு? ‘காலனி’ என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். சொல் போனாலும் கேள்வி வேறு உடையில் வரும், அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

தகாத கேள்வி வந்தால் கோபப்பட வேண்டாம், பொய்யும் வேண்டாம். மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருமணம் ஆகவில்லை என்று சொல்லி உள்ளே போனால், பிறகு நாள்தோறும் அச்சத்தோடு வாழ நேரும். பொய் சொன்னவள் என்ற பழியும் சேரும். “சார், வேலை நேரம் முழுக்க நான் இங்க இருப்பேன். அதுக்கு வீட்ல ஏற்பாடு பண்ணியிருக்கேன். வேலையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்” என்று பணிவோடு பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். அப்படியும் திருப்பி அனுப்பினால் விளம்பரத்தையும், நாளையும், சொன்ன வார்த்தைகளையும் எழுதி வையுங்கள். மாவட்டத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

ஒரு தபால் அட்டை போதும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1974-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சுதா, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ் பெற்ற சுதா மூர்த்தி, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அச்சிட்ட டெல்கோ நிறுவன விளம்பரத்தைக் கண்டார். உடனே ஒரு தபால் அட்டையில் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே தம் மனக்குறையை எழுதி அனுப்பினார். சில நாளில் பூனாவுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

பெற்றோர்களே, காவலாளியின் கேள்வி தொழிற்சாலை வாசலில் பிறந்ததன்று. “என்னதான் படிச்சாலும் இன்னொரு வீட்டுக்குப் போறவதானே” என்று நம் திண்ணையில் நாம் பேசும் பேச்சே அங்கே சீருடை அணிந்து நிற்கிறது. பேறுகாலம் பெண்ணுக்கு மட்டும் உரியது. குழந்தை வளர்ப்பு இருவருக்கும் உரியது. மகனுக்குச் சோறு வடிக்கவும், குழந்தையைத் தூக்கித் தோளில் போடவும் பழக்கிவிட்டால், மகளிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி தானே மறைந்துபோகும்.

இந்த ஆண்டு அதே மாணவியர் அந்த நாடகத்தை மீண்டும் ஒத்திகை பார்த்தனர். அதிகாரியாக நடிப்பவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை கேட்டு வந்த பெண்ணை அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்; பிறகு கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, “எந்த மிஷின்லம்மா அனுபவம்?” என்று கேட்டாள்.

“டீச்சர், இப்படிக் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்களே!” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கவலைப்பட்டாள்.

சிரிக்க வேண்டாம், அம்மா. அவளுக்கு வேலை கிடைக்கட்டும்.